சும்மா படுத்திருந்த ஏழு நிமிடம்

பெங்களூர்
3.8.2008

திரு. சைமன்ராஜ் அவர்களுக்கு,

எவாஞ்சலின் எழுதுவது. உங்கள் மனைவிதான். வேறு எவாஞ்சலின் யாரும் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்பேன். அந்தப் பக்கம் நீங்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். நான் கத்துவேன். நீங்கள் "சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவீர்கள். போன ஞாயிற்றுக்கிழமையோடு எனக்கு அது போதும் என்று ஆகிவிட்டது. பேப்பரில் கேட்டால் நீங்கள் எழுதித்தான் ஆகவேண்டும். வெறும் மூச்சைத் தபாலில் அனுப்ப முடியாது.

பயப்படாதீர்கள், இது குடும்ப விஷயம் இல்லை, என் வேலை விஷயம். ஈஸ்டருக்கு மறுவாரம் இங்கே வந்தீர்களே, ஆள் கிடைக்காமல் உங்களையும் ஸ்கேனர் குழாய்க்குள் படுக்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு, தூங்காமல், எதுவும் செய்யாமல், ஏழு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னோம். மனிதன் சும்மா இருக்கும்போது மூளை தன்னைத்தானே எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியாகச் செய்து பார்ப்பதற்குத்தானே நான் வீட்டை விட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டு வருஷம் ஆகப்போகிறது.

உங்கள் ஸ்கேனை இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். மற்றவர்களுடையது போல இல்லை, வித்தியாசமாக இருக்கிறது. ஒரு மெதுவான அலை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரே சீராகப் போகிறது. அந்த ஏழு நிமிடமும் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தூங்கினீர்களா? எதையாவது நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

"ஒண்ணுமில்ல" என்று மட்டும் எழுதாதீர்கள். கல்யாணமாகி அஞ்சு வருஷமாக அந்தப் பதிலை நிறையவே வாங்கி வைத்திருக்கிறேன்.

எவா

*

நெய்வேலி
12.8.2008

எவா,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். குவார்ட்டர்ஸில் பின்பக்கக் குழாய் ஒழுகுவதை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் ஒழுகுகிறது. இந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட்.

நீ கேட்டதற்குப் பதில். சும்மாதான் இருந்தேன். தூங்கவில்லை. நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே ஒரே சத்தம். சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் பக்கத்தில் நிற்பது போல இருந்ததால் எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஆனால் "மற்றவர்களுடையது போல இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கன்ட்ரோல் ரூமில் பக்கத்து நாற்காலி ஜாபர் அலியிடம் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். "மூளைல அலை அடிக்குதுன்னா அது காக்கா வலிப்பா இருக்கும்பா. மெடிக்கல்ல தெரிஞ்சா உன்ன இந்த ரூம உட்டு எறக்கி வெளிய போட்டுடுவாங்க. வாய மூடிகினு இரு" என்கிறான். போன வருஷம் மெடிக்கலில் எல்லாம் சரியாக இருந்தது. ஒருவேளை அதற்குப் பிறகு வந்திருக்குமோ?

வியாதி என்றால் மறைக்காமல் எழுது. ராத்திரியில் அத்தனை பெல்ட்டும் என் கையில்தான் இருக்கின்றன. கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

சைமன்ராஜ்

*

பெங்களூர்
18.8.2008

ஏங்க,

வியாதியும் இல்லை, வலிப்பும் இல்லை. ஜாபர் அண்ணனிடம் சொல்லுங்கள், பெல்ட்டை மட்டும் பார்த்தால் போதும், டாக்டர் வேலை வேண்டாம் என்று. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு, கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதை நினைத்து ஒரு மாதிரியாகிவிட்டது. தெளிவாக எழுதாதது என் தப்புதான். இப்போது எழுதுகிறேன்.

பெல்ட்டில் கரி ஒன்றும் இல்லாமல் காலியாக ஓடும்போதும் கரண்ட் நிறைய இழுக்கும் என்று நீங்கள்தான் ஒரு தடவை சொன்னீர்கள். மூளையும் அப்படித்தான். கணக்குப் போடும்போது, படிக்கும்போது செலவாகிற சக்திக்கும் சும்மா படுத்திருக்கும்போது செலவாகிற சக்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அப்படியானால் சும்மா இருக்கும்போது உள்ளே என்னதான் ஓடுகிறது? ஸ்கேனில் பார்த்தால், ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் இடங்கள் கூட்டாகச் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன. வேறு சில இடங்கள் அதற்கு எதிர்ப்பக்கமாகப் போகின்றன. யார் சொல்லி அப்படிச் செய்கின்றன என்று தெரியவில்லை.

நான் செய்வது இதுதான். மூளையை அறுபது எழுபது இடங்களாகப் பிரித்துக்கொள்கிறேன். எந்த இடத்திலிருந்து எங்கே நரம்பு வழி போகிறது என்ற வரைபடம் வேறு வகை ஸ்கேனில் கிடைக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னச் சமன்பாட்டை உட்கார வைத்து, அந்த வழிகளால் இணைத்து, கம்ப்யூட்டரில் ஓடவிடுகிறேன். வேலை எதுவும் கொடுப்பதில்லை. அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, உண்மையான மூளை மாதிரி கூட்டுச் சேர்கிறதா என்று பார்க்கிறேன். இணைப்பு எவ்வளவு பலமாக இருக்கவேண்டும், செய்தி போய்ச்சேர எவ்வளவு தாமதம், நடுவில் எவ்வளவு இரைச்சல் என்று சில எண்களை நான்தான் திருகிக்கொண்டிருக்கவேண்டும். இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஓடவிட்டால், என் மாடலில் அழகான மெதுவான அலை ஒன்று வருகிறது. அதே அலைதான் உங்கள் மூளையில் அடிக்கிறது! என் கைடு குஞ்சிதபாதம் சார் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். டிசம்பர் மாநாட்டுக்கு இதைக் கட்டுரையாக அனுப்பச் சொல்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். அலை பலமாக இருப்பது வலது கையை ஆட்டுவிக்கும் இடத்திலும், பேச்சுக்கான இடங்களிலும். நீங்கள் கையை அசைத்தீர்களா? பேச்சைப் பற்றிக் கேட்கமாட்டேன். வெளியே இருக்கும்போதே பேசாதவர் குழாய்க்குள் போய் யாரிடம் பேசப்போகிறீர்கள்?

கையைப் பற்றி மட்டும் யோசித்து எழுதுங்கள். வீட்டில் ஒழுகுகிற குழாய்க்கு யாரையாவது சொல்லிச் சீக்கிரம் சரி செய்யுங்கள்.

எவா

*

நெய்வேலி
30.8.2008

எவா,

வியாதி இல்லை என்று எழுதியதற்கு சந்தோஷம். ஜாபர் உனக்கு சலாம் சொல்லச் சொன்னான்.

நீ எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். பாதி புரிந்தது. காலி பெல்ட் எனக்குப் புரியும். ஆனால் காலி பெல்ட்டை இங்கே யாரும் சும்மா ஓட்டுவதில்லை. அந்தப் பக்கம் மிஷின் இப்போது கரி வெட்ட ஆரம்பித்துவிடும் என்று காத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். மூளை எதற்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று தெரியவில்லை. இது உன் படிப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சாக இருந்தால் விட்டுவிடு.

கையை அசைக்கவில்லை. அசைத்தால் படம் கெட்டுப்போகும் என்று ஸ்கேனர் அறையில் இருந்த தம்பி சொல்லியிருந்தார். இரண்டு கையும் பக்கத்தில் வைத்தபடியே இருந்தன.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். சும்மா இருப்பது என்றால் எதுவரைக்கும் சும்மா? வெளியே எதுவும் செய்யாமல், மனசுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில் சேருமா? சேர்ந்தால் உன் கட்டுரைக்கு ஏதாவது கெடுதல் வருமா? நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் நான் எதையாவது சொல்லிக் குட்டையைக் குழப்பக்கூடாது என்று பார்க்கிறேன்.

இதற்கு மேல் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நைட் ஷிப்டுக்குப் போகவேண்டும்.

சைமன்ராஜ்

*

பெங்களூர்
6.9.2008

ஏங்க,

என்ன ஓடியது? "ஏதோ ஒன்று" என்றால் எது? இப்படிப் பாதியில் நிறுத்திவிட்டு ஷிப்டுக்குப் போனால் இங்கே நான் என்ன செய்வது?

நேற்று உங்கள் ஸ்கேனை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவர்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலை இல்லை. லேசாகக்கூட இல்லை. இத்தனை நாள் எல்லோருடைய சராசரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நீங்கள் ஒருத்தர்தான். எல்லா மூளைக்கும் பொதுவான ஒன்றை உங்களிடத்தில் மட்டும் தெளிவாகப் பார்த்திருக்கிறேனா, அல்லது உங்களுக்கு மட்டுமே உள்ள ஒன்றை எல்லோர் தலையிலும் கட்டிக்கொண்டிருக்கிறேனா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கட்டுரை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கெடுதல் வருமா என்று கேட்கிறீர்கள். வரட்டும். எனக்கு உண்மை வேண்டும்.

எழுத வந்ததே வந்தேன், எழுதிவிடுகிறேன். நம் பாப்பா வயிற்றிலேயே இறந்துபோய், நான் அரை மயக்கத்தில் கிடந்த அன்றைக்கும் உங்களை இதே போல ஒன்று கேட்டேன். பாப்பா எங்கே என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியிலயே பாத்துகிட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு கோவிலுக்குக்கூட வருவதில்லை. போன கல்லறைத் திருநாளுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மா கல்லறைக்கு நான் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பின்னால் நின்று "கொஞ்சம் தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று அதட்டுகிறீர்கள். ஏதோ கரி லாரிக்கு வழி விடச் சொல்வது போல. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த மனுஷனுக்கு உள்ளே எதுவுமே ஓடவில்லை என்று.

இப்போது நீங்கள் ஏதோ ஓடியது என்கிறீர்கள். அது என்னவென்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். தெரியாமல் நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதாக இல்லை.

எவாஞ்சலின்

*

நெய்வேலி
21.9.2008

எவா,

ரெண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் போஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

ஸ்கேனர் அறைக்குள் போவதற்கு முன்னால் அந்தத் தம்பி மோதிரம், இடுப்பு பெல்ட், பாக்கெட்டில் இருந்தது எல்லாவற்றையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். பாக்கெட்டில் ஜெபமாலை இருந்தது. நீ அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் இருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தியது உண்மைதான். அங்கே போனால் "எவா எப்டி இருக்காங்க, வேற விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள். ஜெபத்தை நான் நிறுத்தவில்லை.

எதுவும் செய்யாதீர்கள் என்று சொன்னீர்கள். ஜெபம் சொல்வது ஒரு வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. நைட் ஷிப்டில் பெல்ட் எல்லாம் நல்லபடியாக ஓடும்போது, போன் வராத நேரத்தில், மனசுக்குள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சும்மா இருப்பது என்றால் எனக்கு அதுதான். வேறு மாதிரி சும்மா இருக்க எனக்குத் தெரியாது. குழாய்க்குள் மாலை இல்லாததால் விரலில் எண்ணினேன். கையை அசைக்கவில்லை, அது சத்தியம். ஒவ்வொரு மங்கள வார்த்தை ஜெபம் முடிந்ததும் கட்டைவிரலால் அடுத்த கணுவை லேசாக அழுத்துவேன், அவ்வளவுதான். உன் அலை அதுதானா என்று எனக்குத் தெரியாது. நீதான் சொல்லவேண்டும்.

யாருக்காக ஜெபம் என்று நீ கேட்பாய். பாப்பாவுக்காக.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் சொன்னது பொய். நர்ஸ் ஆதிலட்சுமி அம்மா "நாங்களே பாத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டார்கள். சரி என்றேன். சொல்லிவிட்டுக் கீழே ஸ்டாண்டுக்கு வந்து வண்டியை உதைக்கிறேன், கால் வரவில்லை. திரும்பவும் மேலே போய் "குடுத்துடுங்க" என்று கேட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஜாபர் வண்டியை ஓட்டினான். நான் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மந்தாரக்குப்பம் கல்லறைத் தோட்டம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே மண்ணுக்குள் நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பெண்பிள்ளையைத் தெரியாத இடத்தில் தனியாக விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. பண்ருட்டி வழியாக மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போனோம். உன் அம்மாவின் கால்மாட்டில் இடம் இருந்தது. அவர்களிடம் விட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். குழி தோண்டும் சடையப்பன் தோண்டிக் கொடுத்தார். ஜாபர் இரண்டு கையையும் ஏந்தி அவன் முறைப்படி ஏதோ சொன்னான். எனக்கு அன்றைக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. அந்தக் கடனைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன கல்லறைத் திருநாளில் உன்னைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நீ அவள் மேல் நின்றுகொண்டிருந்தாய், எவா.

அப்போது உனக்கு பிரஷர் எகிறிக்கிடந்தது, எதையும் ஞாபகப்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயம் சேர்ந்துகொண்டது. நீ பெங்களூருக்குக் கிளம்பின அன்றைக்கு வடலூர் பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது.

உன் கட்டுரையைக் கெடுத்திருந்தால் மன்னித்துக்கொள்.

சைமன்

*

பெங்களூர்
27.9.2008

உங்கள் கடிதம் கிடைத்தது. இப்போது என்னால் எதுவும் எழுத முடியவில்லை. போன் செய்யாதீர்கள்.

எவா

*

நெய்வேலி
7.10.2008

எவா,

போன் செய்யவில்லை. நீ சொன்னபடி இருக்கிறேன். சாப்பிடுகிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ரெண்டு நாள் லீவு பாக்கி இருக்கிறது. வேண்டுமானால் மறுபடியும் வந்து படுக்கிறேன். இந்தத் தடவை விரலை அழுத்தாமல், ஜெபம் சொல்லாமல் இருக்கப் பார்க்கிறேன். வீட்டில் கட்டிலில் படுத்துப் பழகிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முடிகிறது. அதற்குப் பிறகு வந்துவிடுகிறது. ஏழு நிமிடம் முழுசாக முடியுமா என்று தெரியவில்லை. வேறு எதையாவது நினைத்துக்கொண்டால் பரவாயில்லையா? கிரிக்கெட் மாதிரி?

உன் கட்டுரை வீணாகிவிடக்கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

சைமன்

*

பெங்களூர்
15.10.2008

ஏங்க,

சாப்பிடுகிறேன். நீங்கள் வந்து படுக்கவேண்டாம். கிரிக்கெட்டும் வேண்டாம். அந்த வரியைப் படித்துவிட்டு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பக்கத்து மேஜைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவளுக்கு என்ன என்று அவள் பார்த்தாள். எனக்கும்தான் தெரியவில்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். பாப்பாவைச் சொல்லாமல் உங்களைச் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு "அவர் சும்மா இல்லையேம்மா" என்றார். உங்கள் ஸ்கேனை எடுத்துவிட்டோம். டிசம்பர் மாநாடு இல்லை. என் அலையும் இல்லை. அது உங்கள் கட்டைவிரல்தான். நேரத்தைப் பொருத்திப் பார்த்தேன், நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்த வேகத்துக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. லேபில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் வைத்து ஜெபம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மாடலை விட்டுவிடவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று எடுத்துவைத்திருந்த இரைச்சலைத் திரும்பவும் உள்ளே விட்டேன். சீரான அலை உடைந்துபோய்விட்டது. இடங்கள் கூடுகின்றன, கலைகின்றன, வேறு ஜோடியாகக் கூடுகின்றன, எதிலும் நிலைத்து நிற்பதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஆனால் மற்றவர்களின் ஸ்கேனுக்கு முன்னைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. சரியான பாதையா, இன்னொரு தடவை ஏமாறப்போகிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. அவர்களும் குழாய்க்குள் என்னென்ன நினைத்தார்களோ, யார் கண்டது? சும்மா இருக்கிறவர்கள் என்று யாராவது உலகத்தில் இருக்கிறார்களா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாகிவிட்டது.

அது கிடக்கட்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். என் பிள்ளையை என்னிடம் காட்டாமல் எடுத்துக்கொண்டு போனீர்கள். எந்த டாக்டர் சொன்னால் என்ன? ரெண்டு வருஷம் அவளை ஆஸ்பத்திரிக் குப்பையில் தேடிக்கொண்டிருந்தேன், மனசுக்குள். கனவில்கூடக் குப்பை வாளிகளாகத்தான் வரும். நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் இந்த ஊருக்கே வந்திருக்கமாட்டேன். பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதை ஸ்கேனரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட தாய் வேறு யாராவது இருக்கிறார்களா?

கோபம் ஒரு பக்கம் இருக்கும்போதே, நீங்கள் பஸ் ஸ்டாண்டில் வாயைத் திறந்ததாக எழுதியிருந்ததை நினைத்துக்கொள்கிறேன். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கொட்டாவி விடுகிறீர்கள் என்று நினைத்தேன். மடியில் வைத்துக்கொண்டு பண்ருட்டி வழியாகப் போனதை நினைத்தால் ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ரெண்டு நிமிடம் கழித்து உங்களை அடிக்கவேண்டும் போல இருக்கிறது. இது எனக்கே புரியவில்லை, உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். ஒன்றையும் விடக்கூடாது. அவள் எப்படி இருந்தாள்? முடி இருந்ததா? யார் ஜாடை? ஜெபத்தில் அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?

எவா

*

நெய்வேலி
21.10.2008

எவா,

முடி நிறைய இருந்தது. நெற்றியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாபர்தான் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். மூக்கு உன் மூக்கு. காது என் காது, கொஞ்சம் விரிந்த மாதிரி. கண் மூடியிருந்ததால் அது தெரியவில்லை. விரல் எல்லாம் நீளமாக இருந்தன. கனமே இல்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் ஜாபர் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினான். அவளுக்கு இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

வேலைக்குப் போனதைப் பற்றி எழுதியிருந்தாய். வீட்டில் தொட்டில் கம்பி மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கன்ட்ரோல் ரூமில் நம்மை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அழுதேன் எவா. நைட் ஷிப்டில். ஜாபருக்குத் தெரியும்.

பேர் வைக்கவில்லை. சடையப்பன் அன்றைக்கே கேட்டார், "பேரு என்னாங்க, சொல்லிட்டு மண்ணு போடுங்க" என்றார். என்னால் முடியவில்லை. நீ சுமந்த பிள்ளைக்கு நீ இல்லாமல் நான் ஒருத்தனாகப் பேர் வைப்பது திருட்டு மாதிரி இருந்தது. உன்னிடம் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும். அதனால் பேர் இல்லாமலே போட்டோம். ஜெபத்தில் "பாப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேர் இல்லாமல் சொல்வது போய்ச் சேர்கிறதா என்று எனக்கே சந்தேகம். அதனால்தான் நிறுத்தாமல் சொல்கிறேனோ என்னவோ.

கல்லறைத் திருநாள் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நான் போவேன். வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

சைமன்

*

பெங்களூர்
25.10.2008

ஏங்க,

சனிக்கிழமை காலையில் வடலூரில் இறங்குவேன். வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஜாபர் அண்ணனையும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லுங்கள், அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும். வந்து எத்தனை நாள் இருப்பேன், அப்புறம் என்ன, எதுவும் எனக்குத் தெரியாது. இப்போதைக்கு அதைக் கேட்காதீர்கள்.

ரெண்டு நாளாகப் பேர் யோசித்தேன். அம்மா பேரை வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பக்கத்திலேயே அம்மா இருக்கும்போது ஒரே பேரைக் கூப்பிட்டால் ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வயிற்றில் இருந்தபோது நான் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பேர் உண்டு. உங்களிடம்கூடச் சொன்னதில்லை. உங்களை மட்டும் பேசாதவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெப்ரின்.

இன்றைக்கு லேபில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். தொண்டையைத் தாண்டி வரவில்லை. அவள் என் குரலைக் கேட்டுப் பழகினவள், அந்த இடத்தில் முதல் தடவை நான் கூப்பிட்டு, பாதியில் உடைந்துபோனால் பயந்துவிடுவாள். அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துவிட்டு நீங்கள் ஒரு நடை மேல்பட்டாம்பாக்கம் போய்விட்டு வாருங்கள். மனசுக்குள் வேண்டாம். வாய் திறந்து, சத்தமாக, ஒரு தடவை கூப்பிடுங்கள். அம்மா சனிக்கிழமை வருகிறாள் என்றும் சொல்லிவிடுங்கள்.

அவளைப் பார்த்த ஆள் நீங்கள்தான், பேர் அவளுக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

எவா